பால் கொடுத்த மாருக்கும் கட்டி வருமா?

தேவகோட்டையில் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டாம் கட்டு முற்றத்தில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தோம். சீடை மாவு உருட்டி முடித்துக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது அயித்தை என் கையைப் பிடித்து ரவிக்கைக்கு மேலேயே வைத்து அழுத்தினார். நெல்லிக்காய் அளவு, கல் மாதிரி ஒரு கட்டி. தள்ளினால் நகரவில்லை.

"எட்டு மாசமா இருக்கு ஆத்தா. வலிக்கலை, அதான் விட்டுட்டேன். நாலு பிள்ளைக்கும் பால் கொடுத்தவ நான். பால் கொடுத்த மாருக்கு ஒண்ணும் வராதுன்னுதானே சொல்வாக?"

அப்போது அவருக்கு வயது 58. அடுத்த வாரமே மதுரைக்கு அழைத்துப் போனோம். கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இன்று நடமாட்டமாக இருக்கிறார். ஆனால் அந்த எட்டு மாதம் என் மனதை இன்னும் அறுக்கிறது. பாதி உண்மையான ஒரு பேச்சை நம்பித்தான் அவர் அத்தனை நாள் சும்மா இருந்தார். அந்தப் பாதி உண்மை எது, மீதி எது என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் 300 வருட வரலாறு இருக்கிறது. 1713இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி, கன்னியர் மடங்களில் இருக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகமாக வருவதை எழுதி வைத்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. 1926இல் இங்கிலாந்தின் ஜேனட் லேன்-கிளேபன் என்ற மருத்துவர் அதை முறையாகக் கணக்குப் பார்த்தார். நம்மூர்ப் பேரேட்டில் வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் எழுதுவது போல, நோய் வந்த 500 பெண்களை ஒரு பக்கமும் வராத 500 பெண்களை மறுபக்கமும் வைத்தார். எந்த வயதில் கல்யாணம், எத்தனை பிள்ளை, எவ்வளவு நாள் பால் கொடுத்தீர்கள் என்று இரண்டு பக்கத்தாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார். தாமதமாகக் கல்யாணம் ஆனவர்கள், பிள்ளைகள் குறைவாகப் பெற்றவர்கள், குறைவாகப் பால் கொடுத்தவர்கள் நோய்ப் பக்கத்தில் கூடுதலாக இருந்தார்கள். இன்றும் மருத்துவ ஆராய்ச்சியில் இந்த இரண்டு பக்கக் கணக்கு முறை அன்றாடம் புழங்குகிறது.

சரி, பிள்ளைப்பேற்றுக்கும் மார்பகக் கட்டிக்கும் என்ன உறவு? மார்பகத்தின் அமைப்பையும், கருமுட்டை உருவாகும் சினைப்பையையும் பார்க்க வேண்டும்.

மார்பகத்துக்குள் பால் நாளங்கள் வேப்பமரக் கிளை போலப் பிரிந்து பிரிந்து போய், நுனியில் பழக்கொத்து மாதிரி சின்னச் சின்னப் பைகளாக முடிகின்றன. பால் சுரப்பது அந்தப் பைகளில்தான். உடம்பின் மற்ற உறுப்புகளைப் போல மார்பகம் பிறக்கும்போதே உருவாகி முடிவதில்லை. வயதுக்கு வரும் பருவத்தில்தான் வளரத் தொடங்குகிறது. முதல் கர்ப்பத்தில்தான் முழு முதிர்ச்சி அடைகிறது. அதுவரைக்கும் நுனியில் இருக்கும் செல்கள் இளம் செல்கள், எளிதில் பெருகக்கூடியவை.

ஒவ்வொரு மாதமும் சினைப்பை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களை (ரத்தத்தில் கலந்து மற்ற உறுப்புகளுக்குச் செய்தி சொல்லும் பொருட்களை) சுரக்கிறது. கருப்பை மட்டுமில்லை, மார்பகமும் பிள்ளை வரப்போகிறது என்று தயாராகும். நுனியில் செல்கள் பெருகும், மார்பு கனக்கும். கரு தங்கவில்லை என்றால் அந்தச் செல்கள் தாமே மடியும். விலக்குக்கு முன்னால் மார்பு வலிப்பதும், விலக்கு வந்ததும் குறைவதும் இதனால்தான். 12 வயதில் தொடங்கி 50இல் தீட்டு நிற்கிறது என்றால் 38 வருடம். வருடத்துக்கு 13 சுற்று என்று வைத்தால் ஏறக்குறைய 490 முறை இந்தப் பெருக்கமும் மடிதலும் நடக்கிறது. செல் இரண்டாகும் ஒவ்வொரு முறையும் மரபணுவைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது எழுத்துப் பிழை விழலாம். பெரும்பாலான பிழைகளை உடம்பே திருத்திவிடும். தப்பிய பிழைகள் சேர்ந்து சேர்ந்து, வருடக்கணக்கில் புற்றாகலாம்.

எங்கள் அப்பத்தா எட்டுப் பெற்றவர். கர்ப்பமும் பாலூட்டலும் மாறி மாறி வந்ததில் பல வருடங்கள் அவருக்கு இந்தச் சுற்று ஓடவே இல்லை. கர்ப்பத்தில் செல்கள் முதிர்ந்தும் விட்டன. சீக்கிரம் வயதுக்கு வந்தவர்களுக்கும், தீட்டு தாமதமாக நின்றவர்களுக்கும், முதல் பிள்ளையைப் பிந்திப் பெற்றவர்களுக்கும் நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும்? 2002இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நோய் வந்த பெண்கள் 50,302 பேர், வராதவர்கள் 96,973 பேர். பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலும் 7 சதவீதம் குறைகிறது. அந்த ஆய்வறிக்கையிலேயே இன்னொரு கணக்கும் உண்டு, அயித்தையின் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. பணக்கார நாடுகளில் 70 வயதுக்குள் 100 பெண்களில் 6.3 பேருக்கு இந்த நோய் வந்துகொண்டிருந்தது. அவர்களும் வளரும் நாடுகளின் பெண்களைப் போல நிறையப் பெற்று, நெடுநாள் பால் கொடுத்திருந்தால் அது 2.7 ஆகக் குறைந்திருக்கும்.

பாதிக்கும் மேல் குறைகிறது, பெரிய லாபம்தான். ஆனால் அந்த 2.7 பேர் இருக்கிறார்களே, அவர்களும் நிறையப் பெற்றவர்கள்தான், பால் கொடுத்தவர்கள்தான். அயித்தை அவர்களில் ஒருவர். இந்தக் கணக்கை வைத்துப் பெண்களைச் சீக்கிரம் கட்டிக்கொடு என்று சொல்வதும், பிள்ளை இல்லாதவரைப் பார்த்து அதனால்தான் உனக்கு வந்தது என்று சொல்வதும் ஆராய்ச்சி சொல்லாதவை. ஆயிரக்கணக்கான பேரின் சராசரியைத் தனி ஒருத்தியின் தலையெழுத்தாகப் படிக்கக் கூடாது.

இன்னொன்றையும் இளம் தாய்மார்களுக்குச் சொல்லியாக வேண்டும். பிள்ளை பெற்றதும் பாதுகாப்பு உடனே வந்துவிடுவதில்லை. 15 ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வந்த அலசலின்படி, பேறுகாலத்துக்குப் பின் வாய்ப்பு சற்றுக் கூடி, ஏறக்குறைய 5 வருடத்தில் உச்சத்துக்குப் போகிறது. 20 வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் கணக்கு சாதகமாகத் திரும்புகிறது. இளம் வயதில் இந்த நோய் வருவதே அரிது, அதனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் கைப்பிள்ளைக்காரி கட்டி இருக்கிறது என்று சொன்னால், "பால் கட்டியிருக்கும், ஒத்தடம் கொடு" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. பால் கட்டு சில நாளில் கரையும். கரையாததை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

சினைப்பைக்கும் மார்பகத்துக்கும் இருக்கும் உறவு மருந்துக்கும் வழிகாட்டியது. கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் பால் வற்றாமல் நீடிக்கிறது என்று சில நாட்டு விவசாயிகள் கண்டிருந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்ஸன், புற்று முற்றிய பெண்களுக்குச் சினைப்பையை அகற்றிப் பார்த்தார். சிலருக்குக் கட்டி சுருங்கியது. 1896இல் அதை வெளியிட்டார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை!

1960களில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் கருத்தடைக்காகத் தமாக்சிஃபென் என்ற மருந்தை உருவாக்கியது. பெண்களுக்கு அது கருத்தடையாக வேலை செய்யவில்லை, கருமுட்டை வெளிவருவதைத் தூண்டியது. அதே மருந்தை 1971இல் மான்செஸ்டரில் நோய் முற்றிய 46 பெண்களுக்குக் கொடுத்தபோது சிலருக்குக் கட்டி குறைந்தது. கட்டியின் செல்லில் ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காரும் இடத்தில் இந்த மருந்து முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. பயாப்ஸி அறிக்கையில் 'ஹார்மோன் பாசிட்டிவ்' என்று எழுதினால், அந்த இடம் கட்டியில் இருக்கிறது, மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு உண்டு என்று பொருள்.

அயித்தை இங்கேயும் ஒரு கேள்வி வைத்தார். "தீட்டு நின்னு எத்தனை வருசமாச்சு, எனக்கு இன்னும் என்ன ஹார்மோன்?" தீட்டு நின்ற பிறகும் உடம்பின் கொழுப்புத் திசு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. அந்த வேலையை நிறுத்துவதுதான் அவர் தினமும் போடும் லெட்ரசோல்.

ஹார்மோன் பாசிட்டிவ் நோய் வந்த இள வயதுப் பெண்களுக்கு இந்த ஹார்மோன் தடுப்பு மாத்திரை 5 முதல் 10 வருடம். அதற்குள் பிள்ளை பெறும் வயது கடந்துவிடுமே என்ற ஏக்கத்துக்கும் ஆராய்ச்சி பதில் தேடியது. 18 முதல் 30 மாதம் மாத்திரை எடுத்த 516 பெண்கள், கர்ப்பத்துக்காக 2 வருடம் வரை அதை நிறுத்தினார்கள். 2023இல் முடிவு வந்தது. 3 வருடத்தில் நோய் திரும்பியவர்கள் 8.9 சதவீதம், நிறுத்தாமல் எடுத்த ஒப்பீட்டுக் குழுவில் 9.2 சதவீதம். கர்ப்ப நிலை கண்காணிக்கப்பட்ட 497 பேரில் 317 பேர் பிள்ளை பெற்றார்கள். நெடுநாள் முடிவு இனிமேல்தான் வரும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கட்டியைச் சீக்கிரம் பிடிப்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய ஆய்வு நடந்தது. 1998இல் தொடங்கி, மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர் 1,51,538 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே இல்லை. ஏறக்குறைய பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் 2 வருடத்துக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்த்து, மீதிப் பேரோடு ஒப்பிட்டார்கள், அவ்வளவுதான். 2021இல் வெளியான முடிவில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்த நோயால் இறப்பு 30 சதவீதத்தை ஒட்டிக் குறைந்திருந்தது. 50க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இதே பரிசோதனை இலவசம். விலக்கு முடிந்த சில நாளில் போவது நல்லது. சினைப்பை அனுப்பிய வீக்கம் அப்போதுதான் வடிந்திருக்கும்.

போன தை மாதம் மறுபடியும் பலகாரம் சுடும் வேலை. அயித்தை சீடை மாவில் ஒரு பிடியை எடுத்து, உள்ளே புளியங்கொட்டை ஒன்றைப் புதைத்து, மேலே ஈரத்துணியைப் போர்த்தினார். மருமகளையும் என் தங்கையையும் கூப்பிட்டு நடு மூன்று விரல்களைச் சேர்க்கச் சொன்னார். "நுனியால குத்தாதே. ரேகை இருக்கிற பக்கத்தால வட்டமாத் தடவு. முதல்ல லேசா, அப்புறம் கொஞ்சம் அழுத்தி, அப்புறம் அடிவரைக்கும்." தங்கைக்கு மூன்றாவது அழுத்தத்தில்தான் கொட்டை தட்டுப்பட்டது.