குழாய் வறண்டாலும் பத்து லிட்டர் உண்டு

2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் 400க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே சேதமானது. மாதக்கணக்கில் ஜனங்கள் டேங்கர் லாரிக்காக வாளியும் கையுமாக நின்றார்கள். மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும் ஆடி மாதம் வந்தபோதும் பல வீடுகளில் குழாய் வறண்டே கிடந்தது. எமர்ஜென்சி காலத்தில் முனிசிபாலிட்டியை எதுவும் கேட்க முடியாது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

முதலில், இங்கே இரண்டு தனித்தனி அறிவிப்புகள் உண்டு. ஒன்று அவசர நிலை. அது அரசியல் சாசனத்தின் 37ஆம் பிரிவின் கீழ் வருவது. 21 நாளுக்கு மேல் நீட்டிக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் தேசிய சபை ஓட்டுப் போட வேண்டும். மற்றொன்று பேரிடர் நிலை. கொரோனாவுக்கும் வெள்ளத்துக்கும் அறிவித்தது இதைத்தான். 2002ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி இது மூன்று மாதத்தில் தானாகக் காலாவதியாகும். ஆனால் அமைச்சர் கெஜட்டில் ஓர் அறிவிப்பு போட்டு ஒவ்வொரு மாதமாக நீட்டிக்கலாம், சபையின் ஓட்டு தேவையில்லை. கொரோனா பேரிடர் நிலை 2020 மார்ச்சிலிருந்து 2022 ஏப்ரல் வரை அப்படித்தான் நீண்டது. இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

தண்ணீருக்கு வருவோம். பஞ்ச காலத்தில் தண்ணீர் எடுப்பதைக் குறைக்கவோ நிறுத்தவோ 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் அதிகாரம் தருகிறது. 2018 பிப்ரவரியில் கேப்டவுன் நகராட்சி ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தது நினைவிருக்கும். ஆனால் மனிதரின் அடிப்படைத் தேவைக்கான தண்ணீரை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பங்கிட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த அடிப்படை அளவு ஆளுக்கு நாளுக்கு 25 லிட்டர், அல்லது ஒரு வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர்.

குழாய் உடைந்தோ பழுதாகியோ தண்ணீர் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால், ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 10 லிட்டர் குடிநீராவது கிடைக்க முனிசிபாலிட்டி நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும். இது 2001ஆம் ஆண்டின் விதி. வருஷத்தில் மொத்தம் ஏழு முழு நாளுக்கு மேல் யாரும் தண்ணீரில்லாமல் இருக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பணம் கட்ட வழியில்லை என்று நிரூபித்தவருக்கு, பாக்கியைக் காட்டி அடிப்படைத் தண்ணீரை மறுக்க முடியாது. சரி, அவசரமான நேரத்தில் எது மாறும்? சாதாரண நாளில் தண்ணீரை நிறுத்துவதற்கு முன் நோட்டீஸ் தர வேண்டும். அவசரம் என்றால் நோட்டீஸ் இல்லாமலே நிறுத்தலாம். ஆனால் அந்த நேரத்திலும் அடிப்படைத் தண்ணீர் கிடைக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது முனிசிபாலிட்டியின் கடமைதான்.

எரிபொருளில் நமக்கு இவ்வளவு பாதுகாப்பு கிடையாது. பெட்ரோலியப் பொருட்கள் சட்டம் 1977ஆம் ஆண்டுடையது. எண்ணெயைச் சிக்கனப்படுத்தும் நோக்கில் வந்தது, அமைச்சர் கையில் நிறைய அதிகாரம் தருகிறது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது பெட்ரோலைக் கேனில் ஊற்றித் தரக் கூடாது என்று கெஜட்டில் உத்தரவு வந்தது. வண்டி டேங்கில் மட்டும்தான் நிரப்பலாம் என்றதால் ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் திண்டாடிப்போனார்கள். நிலக்கரி மின் நிலையங்கள் அடிக்கடி படுத்துப் போனதால் 2023 பிப்ரவரியில் மின்சாரத்துக்கே பேரிடர் நிலை அறிவித்தார்கள். ஆஸ்பத்திரிகளையும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களையும் மின்வெட்டிலிருந்து காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஏப்ரலிலேயே அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

அடுத்த முறை குழாய் நின்றால் தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். முனிசிபாலிட்டிக்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்கி அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். டேங்கர் வந்ததா, வீட்டில் எத்தனை பேர், எத்தனை லிட்டர் கிடைத்தது என்பதையும் சேர்த்துக் குறித்தால், 24 மணி நேரக் கணக்கும் ஏழு நாள் கணக்கும் உங்கள் கையில் இருக்கும்.