1826-ல முளைச்ச ஆப்பிள் மரமும் அதோட வேர்க்கன்னும்

இந்த மரம் நின்னது வான்கூவர்ல. வான்கூவர்னதும் கனடான்னு நினைச்சிடாதீங்க, இது அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல கொலம்பியா ஆத்தங்கரையில இருக்கிற இன்னொரு வான்கூவர். ஹட்சன்ஸ் பேங்கிற பிரிட்டிஷ் கம்பெனிக்காரங்க மிருகங்களோட ரோமத்தோல் வியாபாரத்துக்கு அங்க கோட்டை கட்டின புதுசுல, 1826-ல விதை போட்டு வந்த ஒரு ஆப்பிள் மரம் 2020 வரைக்கும் நின்னுச்சு, 194 வருஷம்! லண்டன் விருந்துல தின்ன பழத்தோட விதையை ஒருத்தர் கோட்டுப் பையில போட்டுக் கொண்டு வந்தார்னு ஒரு கதை, கேக்க நல்லாத்தான் இருக்கு.

கடைசியில தண்டு உள்ள பொந்தாவே போயிடுச்சு. பொந்து மரம் எப்படிங்க இத்தனை நாள் காய்ச்சுது? நடுக்கட்டை எப்பவுமே செத்த கட்டைதான், தாங்கிப் பிடிக்கிறது மட்டும்தான் அதோட வேலை, உயிர் ஓடுறதெல்லாம் பட்டைக்கு அடியில. இளங்கிளையை நகத்தால கீறினா ஈரமா வழுவழுன்னு தெரியும்ல, அங்க கேம்பியம்னு ஒரு மெல்லிய அடுக்கு இருக்கு, அது உள்பக்கம் தண்ணி ஏத்துற குழாயும் வெளிப்பக்கம் இலை செஞ்ச சர்க்கரையை இறக்குற குழாயும் வருஷா வருஷம் புதுசா செஞ்சுக்கிட்டே இருக்கும். அந்த அடுக்கும் செத்துக்கிட்டே வந்து தண்டும் முறுக்கி வெடிச்சப்புறம் மரத்தால முடியல.

ஆனா வேர்ல இருந்து சுத்தி கன்னு கிளம்பியிருந்துச்சு, வாழைக்கு பக்கக்கன்னு வர்ற மாதிரி. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஒட்டு மரமா இருந்திருந்தா வேர்ல வர்றது வேற ஜாதியா இருந்திருக்கும், ஒட்டு மாஞ்செடியில ஒட்டுக்குக் கீழ துளிர்த்தா கிள்ளிப் போடுங்கன்னு நர்சரியில சொல்றது அதுக்குத்தான். இது விதையில வந்த மரம், வேரும் கிளையும் ஒண்ணு, அதனால அந்தக் கன்னு இதோட பிள்ளை இல்ல, இதேதான். இந்த மரத்துப் பழத்துல இருந்து விதை எடுத்துப் போட்டா இது வராது, ஆப்பிளுக்கு வேற ஜாதி மரத்தோட மகரந்தம் வேணும், அதனால ஒவ்வொரு விதையும் புது ரகம்.

பழம் ஒண்ணும் பிரமாதம் இல்லையாம், பச்சையா கசக்கும், பேக் பண்ணத்தான் லாயக்கு. இருந்தும் ஊர்க்காரங்க அக்டோபர்ல இதுக்கு விழா எடுத்து குச்சி வெட்டி இலவசமா குடுக்குறாங்க. ஆப்பிள் குச்சி சும்மா நட்டா லேசுல வேர் விடாது, வேற கன்னுல ஒட்டு கட்டணும். அப்படிக் கட்டின செடியில மட்டும் அடியில துளிர் வந்தா தயவு பாக்காம கிள்ளிடணும், அது 1826 இல்ல.