அம்பில் ஒட்டிய ரத்தம்

வட அமெரிக்கக் காடுகளில் வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடுபவர்கள் பெரும்பாலும் மரத்தில் கட்டிய பரணில்தான் காத்திருப்பார்கள். மான் 20, 30 கஜ தூரத்துக்கு வந்ததும் அம்பு பாயும். ஆனால் மான் நின்ற இடத்திலேயே விழுவது அபூர்வம். துள்ளி ஓடிப் புதருக்குள் மறைந்துவிடும். துப்பாக்கிக் குண்டு தசையையும் எலும்பையும் சிதறடிக்கும். அம்பு முனையின் கூரிய அலகுகளோ ரத்தக் குழாய்களை அறுக்கும், அவ்வளவுதான். உடலின் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போன பிறகே மான் சாயும். அதற்குச் சில விநாடிகளும் ஆகலாம், பல மணி நேரமும் ஆகலாம். தேடக் கிளம்புவதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைக் கீழே கிடக்கும் அம்புதான் சொல்ல வேண்டும்.

அம்பில் இளஞ்சிவப்பு ரத்தம், அதில் பொடிப்பொடியாக நுரை என்றால் நுரையீரல். காற்றறைகள் கிழிந்து காற்றும் ரத்தமும் கலந்ததால் வந்த நுரை அது. இரண்டு நுரையீரலும் துளைபட்ட மான் பெரும்பாலும் 150 கஜத்துக்குள் விழுந்துவிடும். அரை மணி நேரம் பொறுத்தால் போதும்.

கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். அந்த நிறத்துக்குக் காரணம் உண்டு. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலைச் சுற்றி, ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு வருவது. இங்கே நான்கு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பளிச்சென்ற சிவப்பு, நுரையே இல்லை என்றால் இதயமாக இருக்கலாம், வெறும் தசைக் காயமாகவும் இருக்கலாம். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். தசைக் காயத்தில் முதலில் ரத்தம் தாராளமாகக் கொட்டும், பிறகு சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றே போகும். அப்படிப்பட்ட மான் பல நேரங்களில் பிழைத்துக்கொள்ளும்.

மிகவும் கவலைக்குரியது வயிற்றில் பட்ட அம்பு. ரத்தம் கொஞ்சம்தான் இருக்கும். பச்சையும் பழுப்புமாக வழவழப்பு ஒட்டியிருக்கும், முகர்ந்தால் நாறும். மான் அசைபோடும் விலங்கு. அதன் பெரிய இரைப்பை உடலின் இடப்பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பாதி மென்ற இலைத் துணுக்குகள் தெரிந்தால் அம்பு போன வழி அதுதான். இந்த மான் இறப்பது ஏறக்குறைய உறுதி, ஆனால் மெதுவாக இறக்கும். முதுகைக் கூனிக்கொண்டு நடந்து, பக்கத்துப் புதரிலேயே படுத்துக்கொள்ளும். தொந்தரவு செய்யாவிட்டால் பெரும்பாலும் அங்கேயே உயிர் போகும். அவசரப்பட்டுப் பின்தொடர்ந்தால் எழுந்து வெகுதூரம் ஓடும். கொழுப்போ குடலோ துளையை அடைத்துக்கொள்ள, சொட்டு ரத்தம்கூடக் கீழே விழாது. வலியோடு எங்கோ கிடந்து சாகும், யாருக்கும் கிடைக்காது. அதனால்தான் 8 முதல் 12 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். மழை வந்தால் தடம் அழியும், ஓநாய்க்கு உறவான கயோட்டிகள் முந்திக்கொள்ளலாம். என்றாலும் காத்திருப்பதே சரி என்பேன்.

சரி, தடத்துக்கு வருவோம். நின்ற மானின் ரத்தம் வட்டச் சொட்டாக விழும். ஓடும் மானின் சொட்டு நீண்டு, போகும் திசைப் பக்கம் விரல்விரலாகச் சிதறியிருக்கும். பரணிலிருந்து எய்த அம்பு உடலின் மேற்பகுதியில் நுழைகிறது. கீழே வெளித்துளை இல்லாவிட்டால் மார்புக் கூடு நிரம்பும்வரை ரத்தம் வெளியே வராது. முதல் சில கஜங்களுக்கு ஒன்றுமே காணவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

காதலைப் பாடும் கோவை நூல்களில் 'கலைமான் வினாதல்' என்றே ஒரு துறை உண்டு: அம்பு தைத்த மான் இந்தப் பக்கம் வந்ததா என்று தலைவன் தலைவியிடமும் தோழியிடமும் கேட்பான். அவனுக்கு அது பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு. நிஜ வேட்டைக்காரர் கடைசிச் சொட்டு கிடந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டைக் கட்டிவிட்டு, குனிந்து தேடுவார். இலையுதிர்காலத்தில் மேப்பிள் இலைகளே சிவப்புப் புள்ளியோடு கிடக்கும். சந்தேகம் வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளிப்பார்கள். ரத்தத்திலுள்ள கேட்டலேஸ் நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க, ரத்தம் பொங்கி நுரைக்கும்; இலையின் சொந்தப் புள்ளி அப்படிப் பொங்காது.

மான் கண்ணில் பட்டதும் பின்புறமாகத்தான் நெருங்க வேண்டும். இறந்த மானின் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும். நீண்ட குச்சியால் விழியை மெல்லத் தொடுவார்கள். உயிர் இருந்தால் இமை அசையும்.