அபண்டன்ஸ்: மிகுதி அல்ல, இருப்பளவு

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அறிவியல் உரைக்குப் போயிருந்தேன். குடல் நுண்ணுயிரிகளுக்கான கணித மாதிரிகள் பற்றிய பேச்சு. திரையில் ‘மிகக் குறைந்த மிகுதி கொண்ட சிற்றினங்கள்’ என்று ஒரு வரி வந்தது. எனக்கு முன்னால் இருந்த மாணவி நோட்டில் ‘குறைந்த’ வரைக்கும் எழுதிவிட்டு, பேனாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பெண்ணைக் கேட்டாள்: “குறைவாடி, அதிகமாடி?”

அபண்டன்ஸ் (abundance) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மிகுதி என்று எழுதுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சொல் லத்தீன் வழி வந்தது. வேரில் அலை இருக்கிறது. கரை மீறிப் பொங்குவது பழைய பொருள். பேச்சு வழக்குக்கு மிகுதி, ஏராளம் எல்லாம் சரி. சூழலியலில் அது வேறு: ஓரிடத்தில் ஒரு சிற்றினம் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு, அவ்வளவுதான்.

உயிரினங்கள் பெருகுவதையும் தேய்வதையும் கணக்கிட 1925-இல் லோட்கா, 1926-இல் வோல்டெரா என்ற கணித வல்லுநர்கள் தனித்தனியே வெளியிட்ட சமன்பாடுகளை விரித்துத்தான் இன்று குடலுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஒரு சிற்றினம் பெருகுவதும் தேய்வதும், அது இப்போது எவ்வளவு இருக்கிறது, கூட இருப்பவை எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அற்றுப்போனால் அளவு சுழியம். ‘மிகுதி = 0’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

ஆங்கிலத்திலும் அதே முரண் உண்டே என்பார்கள். அங்கே அந்தச் சொல் புழங்கிப் புழங்கி அளவுப் பொருளுக்கு வந்துவிட்டது. புதிதாக ஆக்குகிற நாம் அந்தக் கோணலையும் ஏன் சுமக்க வேண்டும்? தமிழில் மிகுந்தது என்றால் தேவை போக நிற்பது.

‘ஒப்பீட்டு மிகுதி’ (relative abundance) இதைவிட மோசம். நுண்ணுயிரிகளின் மரபணு வரிசை படித்துக் கிடைப்பது பெரும்பாலும் மொத்தத்தில் ஒவ்வொன்றின் பங்குதான், எண்ணிக்கை அல்ல. மூன்று சிற்றினங்கள் 50, 30, 20 என்று இருப்பதாக வையுங்கள். மருந்து பின்னவை இரண்டையும் பாதியாக்கினால் 50, 15, 10. முதலாவதன் பங்கு 50 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 67-க்கு ஏறும். அது ஒன்றுகூடப் பெருகவில்லை! ‘மிகுதி கூடியது’ என்று படிப்பவர் பெருகிவிட்டதாகத்தானே நினைப்பார்?

சொல் நம் ஊரிலேயே இருக்கிறது. வீராணம் ஏரியின் முழு மட்டம் 47.5 அடி. ஏரி நிரம்பினாலும் கோடையில் அடிமண் தெரிந்தாலும் பத்திரிகையில் ‘நீர் இருப்பு’ என்றுதான் போடுவார்கள். ‘நீர் மிகுதி குறைந்தது’ என்று எழுத எந்த நிருபருக்கும் கை வராது. ரேஷன் கடைப் பலகையிலும் இருப்புதான், சர்க்கரை தீர்ந்த நாளிலும்.

வெறும் இருப்பு என்றால் ‘உண்டா, இல்லையா’ என்ற கேள்வியோடு குழம்பும். அதனால் இருப்பளவு. பங்காகச் சொல்லும்போது இருப்பு விகிதம். செறிவும் அடர்த்தியும் வேண்டாம்; வேதியியலும் இயற்பியலும் அவற்றை முன்பே எடுத்துக்கொண்டன.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பதே இல்லை. வாய்விட்டுப் படித்திருந்தால் ‘குறைந்த மிகுதி’ தொண்டையிலேயே சிக்கியிருக்கும். ‘இருப்பளவு மிகக் குறைந்த சிற்றினங்கள்’ என்று திரையில் இருந்திருந்தால் அந்தப் பெண் பேனாவைத் தூக்காமல் எழுதிக்கொண்டு போயிருப்பாள்.