இசைத்தட்டு மந்தமாகக் கேட்கிறதா? ரிசீவரைக் கழற்றுவதற்கு முன்

மிருதங்கத்தில் தொப்பி மட்டும் கும்கும் என்று கேட்கிறது, வலந்தலை நாதத்தைக் காணோம். ஜால்ரா இருப்பதே தெரியவில்லை. பாடுகிறவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிறார். பெங்களூரில் பழைய ஸ்டீரியோ ரிசீவரை (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெட்டி) தூக்கிக்கொண்டு சர்வீசுக்கு வருபவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். “கெபாசிட்டர் எல்லாத்தையும் மாத்திடுங்க” என்ற தீர்ப்பும் கூடவே வரும். அவசரப்படாதீர்கள். செலவில்லாத காரணங்கள் நாலைந்து அதற்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன.

குறை தட்டுப் பக்கமா, பெட்டிப் பக்கமா என்று முதலில் பிரியுங்கள். கைபேசியை ஒரு வயர் மூலம் ரிசீவரின் ஆக்ஸில் (வெளிக் கருவிகளுக்கான உள்ளீடு) இணைத்து, நன்றாகப் பழகிய பாட்டைப் போடுங்கள். அதுவும் மந்தம் என்றால் டர்ன்டேபிள் மேல் பழியில்லை. எஃப்எம் வைத்து இதைச் சோதிக்க வேண்டாம். அமெரிக்காவுக்கென்று செய்த ரிசீவர்களில் டி-எம்ஃபசிஸ் (ஒலிபரப்பில் ஏற்றிய ட்ரெபிளை இறக்கும் திருத்தம்) 75 மைக்ரோவினாடி, நம் ஒலிபரப்பில் 50. பெட்டி பழுதில்லாமல் இருந்தாலும் இங்கே எஃப்எம் கொஞ்சம் மங்கித்தான் கேட்கும்.

ஆக்ஸ் தெளிவு, தட்டு மட்டும் மந்தம். அப்படியென்றால் டர்ன்டேபிளின் பின்புறம் ஃபோனோ, லைன் என்று சிறு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இன்றைய மாடல்களில் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். தட்டு வெட்டும்போது பாஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றி வெட்டுவார்கள். கேட்கும்போது ஃபோனோ சுற்று அதை நேர்செய்யும். ஆர்ஐஏஏ என்ற பொதுத் தரத்தின் கணக்குப்படி 1 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட, 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 13.7 டெசிபெல் இறக்கம், 100 ஹெர்ட்ஸில் சுமார் 13 டெசிபெல் ஏற்றம். சுவிட்ச் லைனில் இருக்கும்போது டர்ன்டேபிளுக்குள்ளேயே ஒரு ஃபோனோ சுற்று (ப்ரீஆம்ப்) வேலை செய்யும். அப்போது வயரை ரிசீவரின் ஃபோனோவில் செருகினால் இந்தத் திருத்தம் இரண்டு முறை நடக்கும். பாஸ் காதை அடைக்கும், ட்ரெபிள் செத்துவிடும், கரகரப்பும் சேரும். சுவிட்சை ஃபோனோவுக்குத் தள்ளுங்கள். சுவிட்ச் இல்லாமல் ப்ரீஆம்ப் மட்டும் உள்ளே இருந்தால் ஆக்ஸில் செருகுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டர்ன்டேபிளில் வேறொரு கோளாறு. 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த சின்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை ஒட்டி ஓடுவது) நம் 50ல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். 33⅓ சுற்று ஏறக்குறைய 27.8 ஆகிவிடும், 5 கட்டைப் பாட்டு 3 கட்டைக்கு இறங்கும். பாடகருக்குத் தொண்டை கட்டியது போலிருப்பதைத்தான் பலர் மந்தம் என்கிறார்கள். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்: 3 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 36 விநாடி ஓடினால் சந்தேகமே வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் புல்லி மாற்ற வேண்டும். டிசி மோட்டாருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இனி முள். கைபேசி கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். வைரத்தின் நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுருண்டை தொங்கும். மென்மையான தூரிகையால் பின்னிருந்து முன்பக்கமாக மட்டும் துடையுங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் முள்ளைத் தாங்கும் மெல்லிய தண்டான கேன்டிலீவர் வளையும். முள்ளின் ஆயுள் வகையைப் பொறுத்து ஏறக்குறைய 300 முதல் 1000 மணி நேரம். முள் தட்டை அழுத்தும் எடையை டிஜிட்டல் கேஜில் அளந்து பாருங்கள். ஆடியோ டெக்னிகா விஎம்95ஈ கார்ட்ரிட்ஜ் (முள் பொருந்தும் பகுதி) என்றால் 1.8 முதல் 2.2 கிராம். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் பின்பக்கம் தாழ்ந்திருந்தாலும் ட்ரெபிள் மங்கும். தட்டுக்கு இணையாக நிறுத்துங்கள்.

பலர் கவனிக்காதது வயர். அதே விஎம்95ஈ கேட்பது 47 கிலோ ஓம் சுமை, 100 முதல் 200 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ். அதன் இண்டக்டன்ஸ் 550 மில்லிஹென்ரி. மொத்தக் கெபாசிட்டன்ஸ் 200 என்றால் ஒத்ததிர்வு 15 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் விழும். 500 ஆனால் 9.6க்கு இறங்கி, அதற்கு மேலே சரிவுதான். டோன்ஆர்ம் வயர், ஆர்சிஏ வயர், ரிசீவரின் உள்ளீடு மூன்றும் கூடித்தான் இந்தக் கணக்கு. வயர் நீள நீளக் கெபாசிட்டன்ஸும் ஏறும், நீளம் போதவில்லை என்று 3 மீட்டர் டிவி வயரை மாட்டாதீர்கள்.

ரிசீவரில் ட்ரெபிளை வெட்டும் ஹை ஃபில்டர் பொத்தான் அமுங்கியிருக்கிறதா பாருங்கள், சிரிக்காதீர்கள். டேப் அவுட்டில் அணைத்து வைத்த டேப் டெக் இருந்தால் பிடுங்கிப் போடுங்கள். ஒரு சேனல் மட்டும் மந்தமா? ஃபோனோவில் இடது வலது பின்களை மாற்றிச் செருகுங்கள். மந்தம் இடம் மாறினால் குறை கார்ட்ரிட்ஜிலோ வயரிலோ. மாறாவிட்டால் ரிசீவரிலோ ஸ்பீக்கரிலோ. சுவிட்ச், பொட்டென்ஷியோமீட்டர்களுக்கு (வால்யூம் போன்ற திருகுகள்) பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை அடித்து இருபது முப்பது முறை திருப்புங்கள். பூட்டு, கதவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே கூடாது. மூடியைத் திறப்பதென்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அங்கே கை வைக்க வேண்டாம்.

ஆக்ஸும் மந்தம் என்றால் ட்ரெபிளுக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரின் அருகே காதை வையுங்கள். மௌனமாக இருந்தால் ஸ்பீக்கர் பின்புறத்து எல்-பேடை (ட்வீட்டரின் ஒலியளவுத் திருகு) திருப்பிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் ட்வீட்டரே போயிருக்கலாம், பாஸையும் ட்ரெபிளையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரின் நான்-போலார் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காய்ந்திருக்கலாம். மாற்றினால் இரண்டு ஸ்பீக்கரிலும் சேர்த்து, பழையதில் அச்சிட்ட அதே மதிப்பில்.

ஒரே ஒரு தட்டு மட்டும் மந்தம், அதுவும் உள்சுற்றுக்குப் போகப்போக மோசம் என்றால், கனமான செராமிக் கார்ட்ரிட்ஜில் தேய்ந்த தட்டாக இருக்கும். கழுவிப் பார்க்கலாம், தேய்ந்த ட்ரெபிள் திரும்பாது. 78 சுற்று ஷெல்லாக் தட்டில் ஆல்கஹால் படவே கூடாது, ஷெல்லாக் கரைந்துவிடும்.