பொத்தானை அழுத்திய பிறகு உங்கள் பணம் எங்கே இருக்கிறது?

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு சேலை வாங்கும்போது துணியைத் தொட்டுப் பார்க்கிறோம், விலை பேசுகிறோம். ஒரு கையால் பணத்தைக் கொடுத்து மறு கையால் பையை வாங்கிக்கொள்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் கடைக்காரரை நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அதே சேலையைப் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் வாங்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. பணம் முதலில் போவதா, சேலை முதலில் வருவதா? யார் முதலில் கொடுக்கிறாரோ அவர் ஏமாறக்கூடும். இணைய வணிகத்தில் உள்ள பெரும்பாலான ஏற்பாடுகள் இந்த ஒரு சிக்கலைத் தீர்க்கத்தான் உருவாயின.

ஷாப்பி, லசாடா போன்ற தளங்கள் இதற்குக் கண்ட தீர்வு, பணத்தை நடுவில் நிறுத்திவைப்பது. நீங்கள் எஃப்பிஎக்ஸ் என்ற இணைய வங்கிக் கட்டண முறை வழியாக வங்கியிலிருந்து 120 ரிங்கிட் செலுத்தினால் அது விற்பவரின் கணக்குக்குப் போவதில்லை, தளத்தின் பொறுப்பில் இருக்கிறது. விற்பவருக்குப் போவது 'பணம் கட்டியாகிவிட்டது' என்ற தகவல் மட்டுமே. அதை நம்பி அவர் பார்சலை அனுப்புகிறார். வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் அதன் பட்டைக்குறியை ஸ்கேன் செய்கிறார்கள். பொருள் கைக்கு வந்ததும் 'பெற்றுக்கொண்டேன்' என்று நீங்கள் அழுத்தினால் பணம் விடுவிக்கப்படும். அழுத்தாமல் விட்டாலும், தளம் குறித்திருக்கும் நாட்கள் கடந்ததும் தானாகவே போய்விடும். அதற்குள் புகார் கொடுத்தால் பணம் நிற்கும். அதனால்தான் சொல்கிறேன், பெட்டியைப் பிரித்து, பொருளை இயக்கிப் பார்க்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். பிரிப்பதை வீடியோ எடுத்துவைத்தால் இன்னும் நல்லது.

சரி, பணம் பத்திரம். பொருளின் தரம்? 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒன்றை விளக்கினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எந்தக் காருக்கும் நடுத்தர விலைதான் தர முன்வருவார். அந்த விலை கட்டாது என்று நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார். மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். இந்த ஆய்வுக்காக 2001-இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. தொட்டுப் பார்க்க முடியாத இணையக் கடையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். 1995-இல் பியேர் ஒமிட்யார் தொடங்கிய ஏலத் தளம்தான் பின்னாளில் ஈபே ஆனது. வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதும் வசதி அடுத்த ஆண்டே அதில் வந்துவிட்டது. இன்று நாம் பார்க்கும் நட்சத்திரங்களுக்கு அதுவே முன்னோடி. ஐந்து நட்சத்திரத்தைக் காசு கொடுத்தும் வாங்கலாம் என்பதால் நான் முதலில் படிப்பது மூன்று நட்சத்திரக் கருத்துகளை, அதுவும் படத்தோடு இருப்பவற்றை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ரகசியம் காக்கும் கணிதம். உங்கள் அட்டை எண் எத்தனையோ கணினிகளைக் கடந்துதான் கடையின் கணினியை அடைகிறது. இடையில் யாரும் படிக்காதிருக்க இருவருக்கும் பொதுவான ஒரு ரகசிய எண் வேண்டும். எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதை எப்படி முடிவுசெய்வது? 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வழியை வெளியிட்டார்கள். சின்ன எண்களில் போட்டுப் பார்ப்போம். 5, 23 என்ற இரண்டும் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் மனதில் 3 என்று வைத்துக்கொள்கிறீர்கள். 5-ஐ மூன்று முறை பெருக்கினால் (5×5×5) 125, அதை 23-ஆல் வகுத்தால் மீதி 10. இந்த 10-ஐ மட்டும் அனுப்புகிறீர்கள். கடையின் ரகசியம் 7. 5-ஐ ஏழு முறை பெருக்கினால் 78,125, மீதி 17. அது உங்களுக்கு வருகிறது. இப்போது நீங்கள் 17-ஐ மூன்று முறை பெருக்குங்கள், 4,913. மீதி 14. கடை 10-ஐ ஏழு முறை பெருக்குகிறது, ஒரு கோடி. அதை 23-ஆல் வகுத்தாலும் மீதி 14! இருவரிடமும் 14 இருக்கிறது, ஆனால் அந்த 14 கம்பியில் போகவே இல்லை. ஒட்டுக்கேட்டவரிடம் இருப்பது 5, 23, 10, 17 மட்டும். சின்ன எண் என்றால் அவரும் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். 600 இலக்கங்களுக்கு மேல் நீளும் எண்களில், ரகசியத்தைப் பின்னோக்கிக் கண்டறிய இன்றைய கணினிகளுக்கு வழியில்லை. இப்போது பல தளங்கள் இதே எண்ணத்தை வளைகோடுகளின் கணிதத்தில் செய்கின்றன.

சில உலாவிகளில் முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுச் சின்னம் இந்த ஏற்பாட்டைத்தான் குறிக்கிறது. பேச்சு ரகசியமாக நடக்கிறது என்று அது சொல்கிறது, எதிரில் இருப்பவர் நல்லவர் என்று சொல்லவில்லை. போலிக் கடையும் பூட்டு வாங்கலாம்.

மோசடிக்காரர்கள் இந்தக் கணிதத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. நம்மை அதற்கு வெளியே கூப்பிடுகிறார்கள். "வாட்ஸ்அப்பில் வாங்க அக்கா, பத்து வெள்ளி குறைச்சுத் தர்றேன்" என்ற ஒரு வரி போதும். நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் நடுவில் பணத்தை நிறுத்திவைக்க யாருமில்லை. டூயிட்நவ் என்ற உடனடிப் பணமாற்றச் சேவை வழியில் பணம் நொடிகளில் போய்ச் சேரும். அந்தக் கணக்கு பெரும்பாலும் வேறொருவர் பெயரில் இருக்கும், கும்பல் அதைப் பயன்படுத்தும்; பணம் அங்கிருந்து இன்னும் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும். இப்படி நடந்துவிட்டால் உடனே உங்கள் வங்கியை அல்லது 997 என்ற எண்ணை அழையுங்கள். 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் எண் அது. பணம் சிதறுவதற்குள் கணக்கை முடக்குவதுதான் அவர்கள் முயற்சி, அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அனுப்பும் முன்பே கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பார்க்கலாம்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் வீட்டிலிருந்தே முறுக்கும் மசாலாத் தூளும் விற்கும் பெண்கள் பலர். இணையத்தில் விற்பவர் பெயர், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு சேர்த்த முழு விலை, பதிவு எண் இருந்தால் அதையும் காட்ட வேண்டும் என்பது 2013 முதல் மலேசியாவில் சட்டம். வாங்கியவர் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனால் கட்டணம் ஐந்து ரிங்கிட்தான், வழக்கறிஞரும் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். விற்பவரை ஏமாற்றுபவர்களும் உண்டு. பணம் அனுப்பியதாக ஒரு ரசீதுப் படத்தை அனுப்பிவிட்டு, டெலிவரி ஆள் வாசலில் நிற்கிறார் என்று அவசரப்படுத்துவார்கள். படத்தில் எந்த எண்ணையும் மாற்றிவிடலாம். உங்கள் சொந்த வங்கிச் செயலியைத் திறந்து, இருப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பொட்டலத்தைக் கொடுங்கள்.