கம்ப்யூட்டர் ஒரு கம்பெனி, மவுஸ் வேறு கம்பெனி

“நம்ம வீட்டு கம்ப்யூட்டர் வேற கம்பெனிண்ணே, இந்த மவுஸ் சேருமா?” மதுரையில் மவுஸ் விற்கிற எந்தக் கடையில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். “அதெல்லாம் சேரும் தம்பி” என்று கடைக்காரர் கவரைப் பிரித்துச் செருகிக் காட்டிவிடுவார். அம்பும் நகரும். ஆனால் ஒரு காலத்தில் இது சேராது.

1984-ல் வந்த ஆப்பிளின் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குத் தனி 9 முள் மவுஸ். 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 கம்ப்யூட்டருக்கு உருண்டைப் பிளக். பிளக் ஒன்றாக இருந்தாலும் போதாது. சீரியல் போர்ட் என்ற பழைய வகைச் செருகுவாயில் செருகும் மவுஸ்களில் மைக்ரோசாஃப்ட் வகை 3 பைட்டாகப் பேசும், மவுஸ் சிஸ்டம்ஸ் வகை 5 பைட்டாகப் பேசும். அதனால்தான் பழைய மவுஸ்கள் சிலவற்றின் அடிவயிற்றில் ‘எம்எஸ் / பிசி’ என்று ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும்; எம்எஸ் பக்கம் மைக்ரோசாஃப்ட் வகை, பிசி பக்கம் மவுஸ் சிஸ்டம்ஸ் வகை. அதைத் தவறான பக்கம் தள்ளியிருந்தால் அம்பு பேய் பிடித்ததுபோல் திரையெங்கும் ஓடும்.

யுஎஸ்பி வந்ததும் எச்ஐடி என்ற பொது விதி இந்தச் சண்டையை முடித்துவைத்தது. சாதாரண வயர் மவுஸைச் செருகியதும் அதன் உள்ளே இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை, இரண்டு தரவு வயர்களில் ஒன்றை 3.3 வோல்ட்டுக்கு இழுக்கிறது. எந்த வயர் மேலே போனது என்பதை வைத்தே, வந்திருப்பது நொடிக்கு 15 லட்சம் பிட் வேகத்தில் பேசும் சாதனம் என்று கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும். பிறகு விசாரணை. மவுஸ் தன் கம்பெனி எண், மாடல் எண் இரண்டையும் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதைக் குறித்துக்கொண்டாலும், முக்கியமாகப் பார்ப்பது 3, 1, 2 என்ற மூன்று எண்களைத்தான். 3 என்றால் மனிதர் கையாளும் சாதனம். 1 என்றால் பயாஸிலும், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன் ஓடும் தொடக்க நிரலிலும், வேலை செய்யும். 2 என்றால் மவுஸ். அந்த இடத்தில் 1 இருந்தால் கீபோர்டு. அடுத்து, எத்தனை பட்டன், வீல் உண்டா, நகர்வுக்கு எத்தனை பிட் என்று ஒரு விவரப் பட்டியல் வரும். சாதாரண மவுஸுக்கு அது 50 பைட்டை ஒட்டித்தான் இருக்கும்.

அதன் பிறகு 8 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 125 தடவை, “ஏதாவது சேதி உண்டா?” என்று கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்காமல் மவுஸ் வாய் திறக்காது. பதில் இப்படி வரும்: 01 05 FE. முதல் பைட், இடது பட்டன் அழுத்தியிருக்கிறது. இரண்டாவது, வலப்பக்கம் 5 படி. மூன்றாவதான FE, கம்ப்யூட்டர் எண்முறையில் மைனஸ் 2, அதாவது மேலே 2 படி. இதில் எங்கும் கம்பெனி பெயர் கிடையாது.

விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இதைப் படிக்கத் தெரிந்த டிரைவர் என்ற குட்டி நிரல் ஏற்கெனவே இருக்கிறது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸும், லினக்ஸின் இந்திய வடிவமான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. டச்பேட் போன அப்படியொரு லேப்டாப்பில் எந்த மவுஸைச் செருகினாலும் இரண்டிலும் ஓடும். ‘டிரைவரை இங்கே இறக்கவும்’ என்று அட்டையில் ஏதோ முகவரி போட்டிருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். கலர் லைட்டுக்கும் கூடுதல் பட்டன்களுக்கு வேலை ஒதுக்கவும் தவிர அது தேவையில்லை.

பெட்டியில் கொட்டை எழுத்தில் போடும் டிபிஐ எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 1000 டிபிஐ என்றால் ஒரு அங்குலம் நகர்த்தினால் 1000 படி. வேகமாக நகர்த்தினால் அம்பைக் கூடுதலாக ஓடவிடும் முடுக்கம் இல்லாவிட்டால் 1920 புள்ளி அகலத் திரையைக் கடக்க 5 செ.மீ. போதும். 8 பிட்டில் சேதி அனுப்பும் மவுஸ் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 127 படிதான் சொல்ல முடியும். 125-ஆல் பெருக்கினால் நொடிக்கு 15,875. 1000 டிபிஐ-க்கு இது 40 செ.மீ. வேகம், தாராளம். அதையே 3200-க்கு ஏற்றினால் நொடிக்கு 12 செ.மீ. சொச்சத்தைத் தாண்டியதும் மிச்சப் படிகள் தொலையும் அல்லது தாமதமாக வந்து சேரும். நல்ல மவுஸ்கள் 12, 16 பிட் அனுப்புவதால் தப்பிக்கும். மலிவு மவுஸை 1000-லேயே வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

நம் ஊர்ப்பக்கம் ‘மவுஸ் டூப்ளிகேட்’ என்று திட்டு வாங்குவதற்குப் பாதிக் காரணம் மேஜைதான். மவுஸின் வயிற்றில் ஒரு குட்டி கேமரா இருக்கிறது. சிவப்பு எல்இடி சாய்வாக வெளிச்சம் அடிக்க, பரப்பின் நுண்ணிய மேடுபள்ளம் நிழலாக விழுகிறது. அதை 16-க்கு 16 புள்ளிப் படமாக நொடிக்கு 1500 முறை எடுத்து, அடுத்தடுத்த படங்களில் நிழல் எவ்வளவு நகர்ந்தது என்று சிப் கணக்குப் போடுகிறது. தொடக்ககாலச் சிப்களுக்கே இந்த வேகம் இருந்தது. மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டைக் கண்ணாடிபோல் பாலிஷ் போட்டு மேஜையாக்கினால் நிழல் ஏது? கறுப்புக் கிரானைட்டில் வெளிச்சம் வழுக்கி வேறு பக்கம் போய்விடும். அம்பு நின்று நின்று குதிக்கும். குடும்பப் போட்டோக்களை வைத்து மேலே கண்ணாடி போட்ட மேஜையும் அப்படித்தான். லென்ஸிலிருந்து பரப்பு சுமார் 2.4 மி.மீ. தூரத்தில் இருந்தால்தான் படம் தெளியும். 5 மி.மீ. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் போட்டோ கேமராவுக்கு மங்கல்தான்.

மவுஸ் பேட் வாங்கும்வரை தினசரி காலண்டர் அட்டை அருமையாக உதவும். வழவழப்பான சாமி படப் பக்கத்தில் அல்ல, சொரசொரப்பான பின்பக்கத்தில்.

வயர்லெஸ் மவுஸ் தடுமாறினால் டாங்கிள், அதாவது கம்ப்யூட்டரில் செருகும் அதன் குட்டி ரிசீவர், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3.0 போர்ட்டிலும் கேபிளிலும் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கசியும் என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை வெளியிட்டது. டாங்கிள் பேசுவதும் அதே அலைவரிசை. பென்டிரைவில் காப்பி ஓடும்போது மட்டும் அம்பு சிக்கினால் சந்தேகமே வேண்டாம். டாங்கிளை தூரத்தில் இருக்கும் கறுப்பு (யுஎஸ்பி 2.0) போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேஜைமேல் கொண்டுவாருங்கள். விண்டோஸ் புதிதாகப் போடும்போது புளூடூத் மவுஸை நம்ப வேண்டாம். அந்த நேரத்துக்கு வயர் மவுஸ்தான்.

ஒரு வருஷம், இரண்டு வருஷத்தில் வரும் நோய் டபுள் கிளிக். ஒருமுறை தட்டினால் போல்டர் திறந்துகொள்ளும். ஃபைலை இழுத்துப்போகும்போது பாதியில் நழுவி விழும். பட்டனுக்குக் கீழே மைக்ரோ ஸ்விட்சில் ஒரு செம்புத் தகடு இருக்கிறது. அது தொடும்போது சில மில்லிநொடி துள்ளத்தான் செய்யும். அந்தத் துள்ளலை சிப் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தகடு தளர்ந்து முனையில் அழுக்கு படிந்ததும் துள்ளல் நீள்கிறது. சிப் அதை இரண்டாவது கிளிக் என்று எண்ணிவிடும். அடியில் வழுக்கு ஸ்டிக்கரை உரித்தால் ஸ்குரூ இருக்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன் இருந்தால், அதிகம் தேயாத வலது பட்டன் ஸ்விட்சை எடுத்து இடதுக்கு மாற்றலாம். மூன்று காலிலும் ஈயத்தை முழுதாக உறிஞ்சிய பிறகே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் போர்டின் செம்புத் தடம் ஸ்விட்சோடு உரிந்து வந்துவிடும்.

ரப்பர் பூச்சு போட்ட மவுஸ் நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் நாளடைவில் பிசுபிசுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் தேய்த்தால் பூச்சே கழன்று வெறும் பிளாஸ்டிக் மிஞ்சும். அதே ஆல்கஹால் வீலுக்கும் ஆகும். கீழே உருட்டும்போது பக்கம் மேலே துள்ளினால் வீல் சுற்றுவதை அளக்கும் என்கோடருக்குள் ஒரு சொட்டு விட்டு, இருபது முப்பது தடவை உருட்டி, காய்ந்த பிறகு செருகுங்கள்.

லீவுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் வயர்லெஸ் மவுஸின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது காரம். பஞ்சில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் கரையும். பிறகு ஈரத் துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டே அடுத்த பேட்டரி.